உப்பு கரித்த குழம்பில் ஒரு உருளைக்கிழங்கு

குழம்பில் உப்பு கூடிப்போனபோதுதான் உருளைக்கிழங்கின் நினைவு வந்தது சமையலறைக்கு. தோலைச் சீவி முழுசாகவே உள்ளே போட்டார்கள்.

முருங்கைக்காயும் கத்தரிக்காயும் நகர்ந்து நடுவில் இடம் விட்டன. கூடைக்கு அடியில் தனியாகக் கிடந்தே பழகிய கிழங்குக்கு இது புதுசு.

"வாங்க உறிஞ்சி, உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்," என்றது முருங்கைக்காய்.

"உறிஞ்சியா? அது யாரு?"

"நீங்கதான். அடுத்தவங்க கரிப்பை இழுத்துக்கிறவங்களுக்கு அதுதான் பேரு."

இதுவரை யாரும் அதற்கென்று ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிழங்கு மனசு குளிர்ந்துபோய், அவை தள்ளிவிட்ட கரிப்பையெல்லாம் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. குழம்பை இறக்கும்போது அதற்கு நெஞ்செல்லாம் எரிந்தது. எல்லாரோடும் சேர்ந்து இலைக்குப் போகப்போகிறோமே என்று பொறுத்துக்கொண்டது.

கரண்டி வந்து அதை மட்டும் எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் போட்டது. முருங்கைக்காய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கே ஈரம் சொட்டக் கிடந்த பழைய ஸ்பாஞ்ச் கேட்டது: "உனக்கு என்ன பேரு வச்சாங்க?"

"உறிஞ்சி."

"எனக்கும் அதுதான்."

கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரோ, "குழம்புல உப்பு அளவா இருக்கு," என்றார்கள்.

"கேட்டியா, என்னைப் பத்தித்தான் பேசுறாங்க," என்றது கிழங்கு.

ஸ்பாஞ்ச் அந்தப் பேச்சையும் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டது.