தள்ளுபடி வந்த நாள்

புலி ஆண்ட காட்டில் முயல்கள் வளைக்கு ஒரு குட்டியை வரியாகக் கட்டின. அந்த வரிக்கணக்கை மரப்பட்டையில் கொத்திக் கொடுத்துப் பிழைத்து வந்தது ஒரு மரங்கொத்தி.

ஒரு நாள் புலி மனமிரங்கி, கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. மறுநாளே முயல்கள் மரத்தடியில் வரிசை கட்டி மரங்கொத்தியைக் கேள்வியால் துளைத்து எடுத்தன.

"கணக்கரய்யா, எங்களுக்கு எப்போ வரும்?"

"எத்தனை தடவை சொல்றது? வரும்போது வரும்!"

முன்னால் நின்ற தாய்முயல் தயங்கித் தயங்கிக் கேட்டது. "ஐயா, என் குட்டிக்கு இடது காதுல கறுப்புப் புள்ளி. வேற குட்டியை மாத்திக் கொடுத்துட மாட்டாங்களே?"

மரங்கொத்தி நெஞ்சை நிமிர்த்தியது. "நான் எழுதின கணக்கு தாயி! புள்ளியையும் சேர்த்தே கொத்தியிருக்கேன். உன்னோடது உனக்கே வரும்."

அந்நேரம் புலியின் சேவகனான நரி வந்து, ஓர் இலைப் பொட்டலத்தைத் தாய்முயலின் கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று. தாய்முயல் ஆவலோடு பிரித்தது.

உள்ளே ஒரு சின்னக் காது இருந்தது. இடது காது. நடுவில் கறுப்புப் புள்ளி.

தாய்முயல் சத்தமில்லாமல் அப்படியே சரிந்தது. இனி இந்த வரிசை கலையும், காடே திரண்டு புலியின் குகைக்குப் பாயும் என்று மரங்கொத்தி காத்திருந்தது.

அடுத்து நின்ற முயல் தாய்முயலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது.

"அவங்களுக்கு வந்துடுச்சே, கணக்கரய்யா. எங்களுக்கு எப்போ?"