ஒரு வாரத்தில் பழகிவிடும்

“உங்களப் பாத்தா அண்ணன் தம்பி ரெண்டு பேரு நிக்கறாப்ல இருக்குதுங்க” என்றார் குழந்தைவேல், புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

“பழகிடுமுங்க. ஒரு வாரம் போனா அந்தத் தம்பி தானா கெளம்பிப் போயிருவான்” என்றான் ஜெயபிரகாஷ்.

ஏற்காட்டுக் கடைத்தெருவில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கடைக்கு ஜெயபிரகாஷ்தான் விற்பனையாளன். போன வாரம் இந்தப் பெரியவர் மிளகு மணக்கும் கோணிப்பையோடு வந்து நின்றார். பழைய கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது, அதே பவரில் லென்ஸ் மட்டும் மாற்றித் தந்தால் போதும் என்றார்.

அன்றைக்குக் காலையில்தான் சேலத்திலிருந்து மேனேஜர் ஹரிஹரன் போனில் கத்தியிருந்தார். இந்த மாதமும் புரோகிரசிவ் லென்ஸ் போகவில்லையென்றால் கடைக்கு வேறு ஆள் வந்துவிடும்.

ஆகவே ஜெயபிரகாஷ் பெரியவரைச் சும்மா விடவில்லை. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரே புரோகிரசிவ் லென்ஸ், வெயிலில் கறுக்கும் பூச்சு, பட்டன் போன் வைத்திருந்தவருக்குக் கம்ப்யூட்டர் வெளிச்சத்திலிருந்து பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் தலையில் கட்டினான். கருவிழிக்கு நேராக அளவெடுக்கத்தான் நேரமில்லை. பெரியவர் மனசு மாறுவதற்குள் பில் போட்டாக வேண்டியிருந்தது.

“என்ற பொழப்புக்கு இது செரிப்படாதுங்க தம்பி. பழசையே குடுத்துருங்க.”

“எந்தப் பொழப்புக்கும் இதுதானுங்க நல்லது. பழசுதான் அன்னைக்கே எக்ஸ்சேஞ்சுல போயிருச்சே!”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றக் கையை உயர்த்தினார். வலது கை முழங்கை வரைக்கும் வெயிலில் கருகிக் கிடந்தது. இடது கை அத்தனை கறுப்பில்லை. கழற்ற விட்டால் விற்பனை ரத்து, அதோடு தன் வேலையும் ரத்து என்று ஜெயபிரகாஷுக்குத் தெரியும். அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான்.

“கழட்டவே கூடாதுங்க. ஒருக்கா கழட்டுனா மறுபடியும் மொதல்ல இருந்து பழகோணும்.”

“தூங்கறப்பங்க?”

“அப்ப மட்டும் கழட்டிக்கலாமுங்க.”

“படிச்ச புள்ள சொன்னா செரியாத்தான் இருக்கும் சாமி.”

வாசல்படி எங்கே இருக்கிறதென்று காலால் தடவித் தடவிப் பார்த்து இறங்கினார் குழந்தைவேல். ஜெயபிரகாஷ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேனேஜருக்கு விற்பனைக் கணக்கை அனுப்பினான். ‘சபாஷ்’ என்று பதில் வந்தது.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வருவதற்குள் குப்பனூர் பஸ் போய்விட்டது. மூடுபனிக்குள் ஒரு ஷேர் ஜீப் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. பின்பக்கமாக ஏறி, காய்கறி மூட்டைகளுக்கு நடுவே உடம்பைச் செருகிக்கொண்டு மனைவி மேனகாவுக்குப் போன் போட்டான்.

“வேலை தப்பிச்சுது புள்ள.”

“யாரு தலையில கட்டுனீங்க?”

“மெளகுத் தோட்டத்துப் பெரியவரு ஒருத்தரு. ஊட்டுல சும்மா உக்காந்திருக்கற மனுசன், மெதுவாப் பழகிக்குவாரு.”

“பாவமுங்க.”

“நம்மளும் பாவந்தான்” என்று போனை வைத்தான்.

ஜீப் கொண்டை ஊசி வளைவில் இறங்கியது. கீழேயிருந்து பலமாக ஹாரன் சத்தம் வந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு வெளிச்சம் மேலே ஏறியது. ஜீப் நடுரோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தடுமாற, உள்ளே இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள்.

முன்னாலிருந்து டிரைவரின் குரல் பணிவாகக் கேட்டது:

“ஏனுங்க, எதுத்தாப்ல ஏறி வர்றது ஒரு பஸ்ஸுங்களா, ரெண்டுங்களா?”