வதனாவின் கைராசி

மூன்று துப்பாக்கி ரவைகளை றெஜினோல்ட் மேசைமேல் நிமிர்த்தி வைத்ததும், சந்திரவதனா தன் வலக்கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

கை காலையிலிருந்தே நடுங்கிக்கொண்டிருந்தது.

றெஜினோல்ட் குறொய்டனில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் வெள்ளைக்காரக் கிழவர். பழைய பட்டாளத்துக்காரர் என்று சுவரில் தொங்கிய படம் சொன்னது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இவை வெடிமருந்து எடுத்த வெறும் மாதிரிகள், வெடிக்காது என்று சிரித்தார்.

வெடித்துவிடும் என்றா அவள் பயந்தாள்!

அவள் கணவர் அம்பலவாணன் எழுபத்தைந்தாம் ஆண்டில் இலங்கையிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்து எஞ்சினியராகிவிட்டவர். ஊர்ச் சண்டையைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர். ஆறு மாதமாக அவருக்கு, வேலையிடத்து நண்பர்களோடு சேர்ந்து, சுடுகிற பைத்தியம் பிடித்திருந்தது. சனிக்கிழமைகளில் ஆயிரம் கஜத் தூரத்து இலக்குப் பலகை. ஒக்டோபரில் ஸ்கொட்லாந்தில் மான் வேட்டை. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற மனிதர் மான் சுடப் போகிறாராம்.

இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே ரவை. எந்த ரவை என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தால்தான் பொலிஸ் அனுமதி தரும்.

றெஜினோல்ட் பொறுமையாக விளக்கினார். இடப்பக்கம் நிற்கும் சின்னது தோளில் அதிகம் உதைக்காது, மானுக்குப் போதும், ஆனால் தூரம் போகப் போகக் காற்று தள்ளிவிடும். வலப்பக்கத்து நீளமானது வேகமானது, உதையும் பெரிது. நடுவில் நிற்பது இரண்டு வேலைக்கும் பொருந்தும். அதே அளவைத்தான் பட்டாளங்களும் பாவித்தன.

அம்பலவாணனுக்கு மூன்றும் பிடித்துப்போயின. வினை அங்கேதான் தொடங்கியது.

"கண்ணை மூடிக்கொண்டு ஒண்டை எடும் வதனா. உமக்குத்தானே கைராசி."

அவருக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை. வீடு வாங்கும்போது ஆர்ச்வே முருகன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். மூன்று வீட்டு விலாசங்களையும் பூவோடு மடித்துச் சந்நிதியில் போட, வதனா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வந்தது நோர்பரி வீடு. வந்த வருடமே அவருக்குப் பதவி உயர்வு, அடுத்த வருடம் மகள். அன்றிலிருந்து எதற்கும் அவள் கைதான்.

அந்தக் கையைப் பற்றித்தான் அவள் பொய் சொல்லியிருந்தாள்.

கலியாணம் பேசியபோது, ஊரில் பிள்ளைகள் இயக்கத்துக்கு ஓடிய எண்பத்தாறு, எண்பத்தேழில் பொம்பிளைப் பிள்ளை எங்கே இருந்தது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். கிளிநொச்சியில் சித்தி வீட்டில் தையல் படித்தேன் என்றாள். ஐந்து வருடக் குடித்தனம் அந்த ஒரு பேச்சின் மேல் நிற்கிறது. அம்பலவாணனோ, வயதைக் குறைத்துச் சொல்லிக் கலியாணம் செய்த சொந்தத் தம்பியோடேயே நாலு வருடமாகப் பேச்சு வைத்துக்கொள்ளாதவர்.

பொய் இந்தக் கடைக்குள் உடைந்தால், மகளைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்?

"நவம்பர் ஐந்தாம் திகதி வாணவேடிக்கையில் வெடி வெடித்தாலே தரையில் விழுந்து படுத்துவிடுவாள்" என்று அம்பலவாணன் றெஜினோல்டுக்கு ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அன்பாகத்தான் சொன்னார்.

நடுவில் நிற்பது மட்டும் கையில் வரக் கூடாது; அதைக் கை மறந்திருக்காது. இடப்பக்கத்துச் சின்னதை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடலாம். அவள் இடத்தைக் குறித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மேசையில் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. கோயிலில் பூப்பொட்டலங்களைக் குலுக்குவதுபோல், அம்பலவாணன் ரவைகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்.

முருகா.

நடுங்கும் கையை நீட்டினாள். விரலில் முதலில் பட்டது எது என்று அறிய அவள் கண்ணைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. விட்டுவிடு என்று சொல்வதற்குள் கை அதை எடுத்துவிட்டது.

நடுக்கம் சட்டென்று நின்றது.

பெருவிரல் தானாகவே அடியிலிருந்து நுனிவரை ஓடி, மண் இருக்கிறதா, நசுங்கல் இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தது. நுனியை முன்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தது. இடக்கை, அங்கே இல்லாத, ரவைகளை அடுக்கித் துப்பாக்கியில் சொருகும் கூடு ஒன்றைப் பிடிப்பதற்காக விரிந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

அம்பலவாணன், பட்டாளத்து ரவை வந்த சந்தோசத்தில், கடையின் மறுகோடிக்குப் படிவம் எடுக்கப் போயிருந்தார். றெஜினோல்ட் போகவில்லை. அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

துப்பாக்கியோடு எத்தனை வருடம் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

பொய் சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. இரண்டு வருடம் என்றாள், அவருடைய ஆங்கிலத்திலேயே. லண்டனுக்கு வந்து அவள் அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

கிழவர் தலையை மட்டும் ஆட்டி, ரவையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

படிவமும் பேனையுமாகத் திரும்பி வந்த அம்பலவாணனின் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்திருந்தது.

"என்னப்பா ரெண்டு வருசம்?"

சந்திரவதனா வலக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள். அது திரும்பவும் நடுங்கத் தொடங்கியிருந்தது.

"தையல் படிச்சது" என்றாள்.