வாசலைவிட ஒரு சாண்

"பெட்டி இறங்குது, கையை எடுத்துக்கோ" என்றார் கணவர்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஷெட்டின் உத்திரத்தில் மாட்டியிருந்த சங்கிலிக் கப்பியை அவளுடைய தம்பி இழுக்க இழுக்க, அந்தரத்தில் தொங்கிய பெரிய தகரப் பெட்டி, பழைய லாரியின் வெறும் சட்டத்தின் மேல் மெல்ல மெல்ல இறங்கியது. பெயருக்குத்தான் பெட்டி. உள்ளே கட்டில், அடுப்பு மேடை, ஜன்னல், ஜன்னலுக்குத் திரை எல்லாம் வைத்த குட்டி வீடு அது. அதை லாரியில் பூட்டிக்கொண்டு இருவருமாக ஊர் ஊராகச் சுற்றுவது என்று திட்டம்.

லாரியில் ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பெட்டி ஷெட் வாசலைவிட ஒரு சாண் உயரமாக நிற்கும் என்பது அவளுக்கு முன்பே தெரியும். இரும்புக் கம்பிகளை நிறுத்திக் கூடு கட்டிய அன்றே, அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து, துடைப்பக் கட்டையை வைத்து அளந்துவிட்டாள். அளந்தவள் வாயைத் திறக்கவில்லை.

அவர் ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். கல்யாணமானதிலிருந்து அவரோடு இருந்ததைவிட அவரை வழியனுப்பியதுதான் அதிகம். ஒருவழியாக ஓட்டுவதை நிறுத்திவிட்டு வீட்டோடு வந்தாரே என்று அவள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் இந்தப் பெட்டி வேலையை ஆரம்பித்துவிட்டார். உன்னையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றார். அவளுக்கோ பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும். அதைச் சொல்லி அவர் ஆசையில் மண்ணள்ளிப் போட மனசு வரவில்லை.

ஆனால் பெட்டி செய்த அந்த மாதங்கள் இருக்கின்றனவே, அப்படி ஒரு சுகத்தை அவள் அதற்கு முன் கண்டதில்லை. அவர் வெல்டிங் வைப்பார், அவள் பலகையைப் பிடித்துக்கொள்வாள், வாய் ஓயாமல் பேச்சு ஓடும். லாரிச் சட்டம் ரோட்டில் முறுக்கிக்கொள்ளும், அதனால் பெட்டியை முன்பக்கம் இறுக்கிப் பூட்டி, பின்பக்கம் ஸ்பிரிங் வைத்து விட்டுப்பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலை பிளந்துவிடும் என்று ஒரு நாள் விளக்கினார். விட்டுப்பிடிக்கிற வித்தையெல்லாம் லாரியிடம் மட்டும்தானா, வீட்டில் ஒரு நாளும் கண்ணில் காட்டவில்லையே என்று அவள் கேட்டாள். சிரித்த சிரிப்பில் அவருக்குக் குடித்த டீ புரையேறிவிட்டது. இந்த மனுஷன் மறுபடி ரோட்டோடு போய்விடக் கூடாது என்று அவள் அன்றைக்கு முடிவு செய்துகொண்டாள்.

பெட்டி சட்டத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. முன்பக்கத்து போல்ட்டுகளை அவர் இறுக்கினார். பின்பக்கத்து ஸ்பிரிங்குகளை மாட்டி முடித்த தம்பி, கையைத் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். திரும்பவும் வாசலைப் பார்த்தான்.

"மாமா, இது எப்படி வெளியே போகும்?"

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அட ஆமாம் என்று தலையில் கை வைத்தார். அவளும் தன் பங்குக்கு, அடக் கடவுளே என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நடிப்பு கொஞ்சம் தூக்கல்தான் என்று அவளுக்கே பட்டது.

தம்பி லேசில் விடுகிற ஆள் இல்லை. டயரில் காற்றை இறக்கிப் பார்க்கலாமா என்று யோசித்தான். அது போதாது என்று அவனே சொல்லிக்கொண்டான். பிறகு மூலையில் கிடந்த சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"வாசலுக்கு மேல ரெண்டு வரிசைக் கல்லைத் தட்டி எடுத்துட்டா முடிஞ்சது மாமா. சாயங்காலமே நீங்க கிளம்பிடலாம்."

அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சம்மட்டியை ஓங்கினான். உண்மையைச் சொல்லியாவது தடுத்துவிட வேண்டும் என்று அவள் வாயெடுத்தாள்.

"வேண்டாம்டா, இறங்கு" என்று அவர் குரல் முந்திக்கொண்டது.

தம்பி சம்மட்டியும் கையுமாக முழித்தான். அவர் அவள் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு அசட்டு முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

"கோவிச்சுக்காதே. ஊரெல்லாம் நீங்க பார்த்தீங்க, நான் இந்த நாலு சுவரைத்தான் பார்த்தேன்னு எப்பவோ ஒரு தடவை சொன்னே. அந்த ஆசைக்கு மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா, ரோட்டைப் பார்த்தாலே அலுத்துப்போச்சு. உன்கூட வீட்டுலயே கிடக்கணும்போல இருக்கு" என்றவர், குரலை இன்னும் இறக்கிக்கொண்டார். "கம்பியை வெட்டறதுக்கு முன்னாடி வாசலைத்தான் முதல்ல அளந்தேன். ஒரு சாண் நான்தான் வேணும்னே கூட்டி வெச்சேன்."