பன்னிரண்டு சதவீதம்

அது ஜூனா ஜூலையா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் அப்போது நல்ல குளிர்காலம். பப் நடத்தும் கிரெய்க், பார்லி ஒயின் என்று தானே காய்ச்சிய காட்டமான பீரை எல்லாருக்கும் ருசி பார்க்க ஊற்றிக் கொடுத்தான்.

"பன்னிரண்டு சதவீதம்! பாத்துக் குடிங்க."

நோலீன் இரண்டு கோப்பைகளை மடமடவென்று குடித்தாள். பதினோரு வருடமாகப் பேசாத தங்கை கிளெனிஸ் பக்கத்து மேசையில் இருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க நோலீனுக்குப் போதை தேவைப்பட்டது.

"அடியே கிளெனிஸ், உன் கல்யாணத்துக்கு வராதது என் திமிருடி. மன்னிச்சிடு!"

"போதையில உளர்றியாக்கா?"

"உச்சந்தலைக்கு ஏறியிருக்குடி!"

கிளெனிஸும் தன் கோப்பையைக் காலி செய்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்காலி ஒன்று சாய்ந்தது.

கிரெய்க் ஓடிவந்தான்.

"மன்னிச்சுக்கோங்க, ஜாடி மாறிப்போச்சு! இது காலைல கொதிக்கவச்ச பார்லிச் சாறு. இன்னும் ஈஸ்ட்டே போடல. ஒரு சொட்டுப் போதை கிடையாது."

சகோதரிகள் தங்கள் காலிக் கோப்பைகளை எட்டிப் பார்த்தார்கள்.

"அப்போ நெஜமாவே கேட்டியா?" என்றாள் கிளெனிஸ்.

"நீ நெஜமாவே கட்டிக்கிட்டியா?"

மறுபடியும் சிரிப்பு வெடித்தது.

இப்போது ஞாயிறுதோறும் சகோதரிகள் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். கிரெய்க் ஜாடிகளில் பெயர் ஒட்டிவிட்டான்.