புதுத் தோட்டா

1986இல் ஒரு ஞாயிறு. பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பேல் பகுதியில் தன் வீட்டில் வாடகைக்கிருந்த குகதாசனைத் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப் போனார் புதுச்சேரி லூசியன். அவருடைய நூறு வருடத்து இரட்டைக்குழல் துப்பாக்கி இருபத்துநாலாம் நம்பர். அந்த அளவில் தோட்டா கிடைப்பதே அபூர்வம்.

"புதுப் பெட்டி ஒண்ணு கிடைச்சுது, தம்பி! நீ சுடறியா?"

"ஐயோ, துவக்கெண்டால் எனக்குப் பயம், ஐயா."

லூசியன் தோட்டாக்களைப் போட்டுக் குறிபார்த்தார்.

"சுடாதேங்கோ!" குகதாசன் பாய்ந்து தடுத்தான். "உது அந்தக்காலக் கருமருந்துக்குச் செய்த துவக்கு. புதுத் தோட்டாவின்ரை வேகத்துக்குக் குழல் வெடிச்சுப்போடும்!"

லூசியன் தோட்டாக்களை வெளியே எடுத்தார்.

"துப்பாக்கியைத் தொட்டதே இல்லன்னு உன் அகதி மனுவுல இருக்கு. நாளைக்கு விசாரணையில அதை பிரெஞ்சுல சொல்லப்போறது நான்தான்."

குகதாசன் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தான்.

"எனக்குக் காது மந்தம், தம்பி. குழலைப் பத்தி இப்ப என்ன சொன்னே?"

"ஒண்டுமில்லை, ஐயா."