போர்வைக்குள் ஒரு பாட்டு

“இது என் பெண்டாட்டி பாடின பாட்டா, இல்ல போர்வைக்குள்ள இருந்து யாரோ முனகுறாங்களா?”

காலை பத்து மணிக்கே ஸ்டுடியோவுக்கு வந்து கணவர் போட்ட சத்தத்தில், எதிர் அறைக்காரர் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

சவுண்ட் இன்ஜினியருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“நல்லாத்தாங்க இருக்கு” என்றாள் மனைவி மெதுவாக.

“நீ சும்மா இரு. உனக்கு எதைக் கொடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும்.”

விஷயம் இதுதான். போன ஞாயிறு மாலை பூங்காவில் நடந்த திறந்தவெளிக் கச்சேரியில், பத்து வருடமாகச் சமையலறையில் மட்டுமே பாடிக்கொண்டிருந்தவள் முதன்முதலாக மேடையேறினாள். ஒரே ஒரு பாட்டு. அந்தப் பதிவை இன்று மாலைக்குள் நகர அரங்கத்தின் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குரல் பிடித்துவிட்டால் மாதம் ஒரு மேடை. பிடிக்காவிட்டால் மறுபடியும் சமையலறைதான்.

“ரெக்கார்டரை வெச்சதே நான்தான் தம்பி. முதல் வரிசையில, என் நாற்காலிக்குப் பக்கத்துலயே ஸ்டாண்டு போட்டு, இப்படி அப்படி நகராம உக்காந்திருந்தேன். பாட்டு முடிஞ்சதும் முதல் கைத்தட்டலே என்னோடதுதான், கேட்டுப் பாருங்க. அவ்வளவு பாடுபட்டு எடுத்து, கையோட இவகிட்ட கொடுத்து அனுப்பினா, இப்படிக் குட்டிச்சுவராக்கி வெச்சிருக்கீங்களே!”

“காத்து இரைச்சல் இருந்தது சார். திறந்த வெளி இல்லையா...”

“யார்கிட்ட கதை விடறீங்க? நானும் நாலு எடத்துல படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். காத்து, ஜெனரேட்டர் உறுமல் எல்லாம் கீழ்ச் சத்தம். ஈக்வலைசர்ல, அதான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற அந்தக் கோட்டுல, இடது ஓரத்தைக் குறைச்சாப் போதும். நீங்க என்னடான்னா நட்ட நடுவுல குழி தோண்டி வெச்சிருக்கீங்க. குரல் இருக்கற இடமே அதுதானே?”

அரைகுறையாகப் படித்திருந்தாலும் அவர் சொன்னது சரிதான். திரையில் ஈக்வலைசர் கோடு நடுவில் பெரிய குழியாக இறங்கிக் கிடந்தது. இன்ஜினியர் அதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“தொழில் தெரியலன்னா தெரியலன்னு ஒத்துக்கங்க!”

“தப்புதான் சார். எனக்குத் தெரியல.”

இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டால் கோபம் எங்கே போய் இறங்கும்? அவருக்கு இன்னும் ஏறியது.

“அந்தக் குழியை எடுங்க முதல்ல. நான் கொடுத்ததை அப்படியே போடுங்க. என் காதால கேக்கறேன்.”

மனைவி அவசரமாக எழுந்தாள். “வேண்டாங்க. நேரமாச்சு, இதையே அனுப்பிடலாம்.”

“இதை அனுப்பினா உனக்கு மேடை கிடைச்ச மாதிரிதான்! உன் குரலுக்காக நீ ஒரு வார்த்தை பேச மாட்ட. நானாவது பேசறேன்.”

“நான் வெளியில இருக்கேன்” என்று போய்விட்டாள். கனமான கதவு அவளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

“சார், கேக்காம இருக்கறதுதான் நல்லது...”

“போடுங்கன்னு சொல்றேன்ல?”

இன்ஜினியர் பட்டனைத் தட்டினார். திரையில் குழி நிரம்பிக் கோடு நேரானது.

அவள் குரல் அறை முழுக்க நிறைந்தது. அப்படி ஒரு குரல்! கணவருக்கே புல்லரித்துவிட்டது.

“பாத்தீங்களா? இதைப் போய் அமுக்கி வெச்சிருக்கீங்களே, மனசாட்சி இருக்கா உங்களுக்கு?”

அடுத்த சரணத்தில் அவள் குரலோடு சேர்ந்து, மைக்குக்கு மிக அருகில், யாரோ ஒருவர் போனில் பேசுவது கேட்டது. கிசுகிசுப்புதான். ஆனால் ஒரு சொல் விடாமல் தெளிவாக.

“எங்க இருக்கேனா? பார்க்குலதான்டா, இவ பாடறா. கொடுமை! பத்து வருஷமா வீட்டுல நான் ஒருத்தன் சகிச்சேன், இப்ப ஊரே சேர்ந்து சகிக்குது. முடிஞ்சதும் கை தட்டணுமே, அதுக்காக உக்காந்திருக்கேன்.”

பிறகு ஒரு சிரிப்பு. பாட்டு முடிந்தது. மைக் அதிரும்படி முதல் கைத்தட்டல் விழுந்தது.

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

“நா... நானா இது?”

“ஒரே மைக் சார். உங்க பேச்சும் அவங்க பாட்டும் ஒரே இடத்துல விழுந்திருக்கு. உங்களை மறைக்கணும்னா அவங்களையும் அமுக்கித்தான் ஆகணும். எவ்வளவோ பண்ணிப் பாத்துட்டேன், வேற வழியில்ல.”

கணவர் மூடியிருந்த கதவைப் பார்த்தார். இன்ஜினியரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, உங்களைக் கண்டபடி பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. அந்தக் குழியைத் திரும்பப் போட்டுடுங்க. அதையே அனுப்பிடலாம். இது மட்டும் அவ காதுல விழவே கூடாது. தாங்க மாட்டா.”

இன்ஜினியர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார்.

“அக்கா நேத்து இதே நாற்காலியில உக்காந்து முழுசாக் கேட்டாங்க சார். குழி போடச் சொன்னதே அவங்கதான். ‘என் குரல் மங்கினா மங்கட்டும் தம்பி, இவர் பேசினது குழுவுல நாலு பேர் காதுல விழுந்தா இவர் மரியாதை என்னாகும்?’னு கேட்டாங்க.”